கண்ணாடிக்காரரின் இருமல்

விருத்தாசலத்துக்கு நான் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. மன்னிப்புக் கேட்கப் போனேன்.

புதுச்சேரியில் தமிழாசிரியர்கள் கூட்டம் ஒன்று. ஈப்போவிலிருந்து என்னையும் அழைத்திருந்தார்கள். முப்பத்து நான்கு வருடம் மலேசியப் பள்ளிக்கூடங்களில் தமிழ் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவள் என்பதால் எப்போதாவது இப்படி ஓர் அழைப்பு வரும். கூட்டம் முடிந்த பிறகு விமானம் ஏற நான்கு நாள் மிச்சம் இருந்தது. கூட வந்தவர்கள் தஞ்சாவூர், கும்பகோணம் என்று கிளம்பினார்கள். நான் விருத்தாசலம் பஸ் ஏறினேன். அங்கே என்ன இருக்கிறது என்று ஒரு தோழி கேட்டாள். ஒருத்தர் இருக்கிறார் என்றேன்.

அவர் பெயர் கொளஞ்சி. நேரில் பார்த்ததில்லை, ஐந்து வருடமாகக் குரல் மட்டும் பழக்கம். மதங்களைப் பற்றியும் பெரிய சிந்தனையாளர்களைப் பற்றியும் படிக்கிற கைப்பேசிக் குழு ஒன்றை நான் நடத்தி வருகிறேன். இருபத்தாறு பேர் இருக்கிறோம். ஒவ்வொரு ஞாயிறு சாயங்காலமும், அந்த வாரம் படித்ததில் தன்னைத் திடுக்கிட வைத்தது எது என்று ஆளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் கொள்கையைச் சொல்வார்கள். கொளஞ்சி மட்டும் அந்த மனிதர் யார் வீட்டில் குடியிருந்தார், என்ன சாப்பிட்டார், எதனால் செத்தார் என்று தோண்டிக்கொண்டு வருவார். பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பெரிய புத்தகம் பிரெஞ்சு மொழியில் எழுதிய ஒருவர், தனக்குப் பிறந்த ஐந்து பிள்ளைகளையும் அனாதை இல்லத்தில் விட்டவர் என்று எங்களுக்குச் சொன்னது அவர்தான். 

போன பங்குனியில் ஹாலந்து தேசத்துத் தத்துவவாதி ஒருவரைப் படித்துக்கொண்டிருந்தோம். முன்னூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் வாழ்ந்தவர். அவர் பெயரைத் தமிழில் எப்படி எழுதுவது என்பதில் சண்டை வந்துவிட்டதால் 'கண்ணாடிக்காரர்' என்றே வைத்துக்கொண்டோம். கடவுள் வேறு, இயற்கை வேறு இல்லை என்று நினைத்தவர். இருபத்து மூன்று வயதில் அவருடைய சொந்தச் சமூகமே அவரைச் சபித்து விலக்கிவிட்டது. யாரும் அவரோடு பேசக் கூடாது, நான்கு முழத்துக்குள் நெருங்கக் கூடாது. பிறகு தொலைநோக்கிகளுக்குக் கண்ணாடி வில்லை தேய்த்துப் பிழைத்தார். நாற்பத்து நான்கு வயதில் நெஞ்சு நோயில் போய்ச் சேர்ந்தார்.

கொளஞ்சி ஒரு குரல் பதிவு அனுப்பினார். நடுநடுவே இருமல். "அவரு கண்ணாடி தேச்சாரில்ல, அந்தத் தூசிதான் அவர முடிச்சிருக்கும். இத யாருமே பெருசா எழுதலையேங்க."

நான் பதில் எழுதினேன்: 'ஆதாரமில்லாத கற்பனைகளை இங்கே போட வேண்டாம். தத்துவம் படிக்கச் சொன்னால் வைத்தியம் பார்க்கிறீர்கள்.' அதற்குக் கீழே பதினொரு பேர் சிரிப்புப் படம் போட்டார்கள். கொளஞ்சி அன்றோடு குழுவிலிருந்து விலகிவிட்டார்.

அதற்குப் பிறகு என் வீட்டில் நடந்த ஒன்றால் மூன்று மாதம் நான் குழுவைத் திறக்கவே இல்லை. அதை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன். ஆவணி மாதம் மறுபடி புத்தகத்தை எடுத்தபோதுதான் கண்ணாடிக்காரரின் வாழ்க்கையை எழுதிய ஒருவர் அதையே சொல்லியிருப்பதைப் பார்த்தேன். கண்ணாடித் தூசி அவருடைய நோயை முற்ற வைத்திருக்கலாம் என்று, ஒரு பக்கத்தின் அடியில், சின்ன எழுத்தில். நான் கொளஞ்சிக்குத் தனியாக எழுதினேன். படித்ததற்கு அடையாளம் விழுந்தது. பதில் வரவில்லை. மறுபடி எழுதினேன். ஏழு தடவை. ஒன்றுக்கும் பதில் இல்லை.

முதல் நாள், கம்மாபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால் பஸ் நின்றுவிட்டது. டயர் வெடிக்கவில்லை, புகை வரவில்லை, சும்மா நின்றது. டிரைவர் இறங்கி அடியில் குனிந்து பார்த்துவிட்டு, "பின்னாடி வர்ற வண்டியில ஏறிக்குங்க" என்றார். பின்னால் வருகிற வண்டி ஒன்றே கால் மணி நேரம் வரவில்லை. ஐப்பசித் தூறல். சாலையோரப் புளிய மரத்தடியில் நாற்பது பேர் நின்றோம். வயலுக்கு அப்பால் நீளமாக ஒரு மலை தெரிந்தது. எங்கள் ஈப்போவைச் சுற்றிலும் சுண்ணாம்பு மலைகள் உண்டு. அந்த ஞாபகத்தில், பக்கத்தில் முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு நின்ற பெண்ணிடம் அந்த மலைக்கு என்ன பெயர் என்று கேட்டேன்.

"மலையா? அது சுரங்கத்துல தோண்டிக் கொட்டுன மண்ணுங்க. எங்க பெரியம்மா ஊரு அங்கதான் இருந்துச்சு. இப்ப எது எங்கன்னே தெரியல."

எங்கள் பக்கம் ஈயம் தோண்டிய பள்ளங்களெல்லாம் ஏரியாகிவிட்டன, கரையில் ஜனங்கள் காற்று வாங்குகிறார்கள் என்றேன்.

"தண்ணி நின்னா பரவால்லீங்க. மண்ணு நின்னா யாரு என்னா பண்றது?" என்றாள்.

விருத்தாசலத்தில் ஜங்ஷன் பக்கம் ஒரு லாட்ஜில் அறை எடுத்தேன். சுவரெல்லாம் ஈரம். கீழே டீக்கடை. எங்கள் ஊரில் டீயை இரண்டு கை அகலத்துக்கு இழுத்து ஆற்றிப் பெரிய குவளையில் கொடுப்பார்கள். இங்கே மூன்று வாய்க்கு ஒரு கிளாஸ், ஆனால் இஞ்சி நெஞ்சு வரைக்கும் போயிற்று. கடைக்காரரிடம் பீங்கான் சாமான் செய்யும் செராமிக்கில் வேலை செய்யும் கொளஞ்சியைத் தெரியுமா என்று கேட்டேன்.

"இங்க பத்து வூட்டுக்கு ஒரு கொளஞ்சி இருக்குதுங்க. எந்தக் கொளஞ்சி?"

"நிறையப் படிப்பார்."

பெஞ்சில் இருந்த ஒருவர் தலையைத் திருப்பினார். "மில்லு கொளஞ்சியக் கேக்கறாங்கப்பா. பொஸ்தகம் படிக்கிறவரு. செராமிக்குல கல்லு அரைக்கிற மில்லுல இருந்தாரே." பிறகு என்னைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "நீங்க சீக்கிரமாப் போய்ப் பாத்துருங்க" என்றார்.

கொளஞ்சி தான் செராமிக்கில் இருப்பதாகத்தான் குழுவில் சொல்லியிருந்தார். நானாக அவரை ஒரு பொறியாளர் ஆக்கி வைத்திருந்தேன். அவர் எழுத்துப் பிழை விட்டபோதெல்லாம், பொறியாளர்தானே, தமிழ் வராது என்று நினைத்துக்கொள்வேன்.

மறுநாள் காலை ஆட்டோ பிடித்தேன். செராமிக் பகுதியில் இரு பக்கமும் சின்னச் சின்னக் கொட்டகைகள். வாசல்களில் பெயிண்ட் அடிக்காத பிள்ளையார்கள், அகல் விளக்குகள், மின்கம்பத்தில் வைக்கிற வெள்ளைப் பீங்கான் குப்பிகள். உடைந்த குப்பிகளைப் பள்ளத்தில் கொட்டிப் பாதை போட்டிருந்தார்கள். ஆட்டோ அதன் மேல் ஏறியபோது பல் கூசியது. மழை பெய்தும் மரங்களின் இலைகள் முழுசாகப் பச்சையாகவில்லை.

வீடு ஓர் அறையும் சமையல்கட்டும். கதவைத் திறந்த பெண்ணுக்கு ஐம்பது வயதுக்குள் இருக்கும். கொளஞ்சியின் மனைவி அஞ்சலை. "நான் ஈப்போவிலேருந்து வர்றேன். மலேசியா. டீச்சர்" என்றேன்.

அவள் முகம் வெளுத்தது. வாருங்கள் என்று சொல்லவில்லை. கதவை விட்டு இரண்டடி பின்னால் போய், சுவரைப் பிடித்துக்கொண்டு, என் கால்களையே பார்த்தாள். பிறகு சமையல்கட்டுக்குள் போய்விட்டாள்.

"யாரு? டீச்சரா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அந்தக் குரல்தான். பாதியாக இளைத்திருந்தது.

கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூக்கில் குழாய். கட்டிலின் காலடியில் காற்று மெஷின் ஒன்று கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. சுவரோரம் புத்தகங்கள். ஒவ்வொன்றுக்கும் பாலிதீன் உறை, தூசி போகாமல். நான் உட்காருவதற்கு முன்பே வந்த விஷயத்தைச் சொல்லிவிட்டேன். நீங்கள் சொன்னது சரி, நான் சொன்னது தப்பு, அதைச் சொன்ன விதம் அதைவிடத் தப்பு என்றேன். ஊரிலிருந்து மனப்பாடம் செய்துகொண்டு வந்த வாக்கியங்கள்.

"கோவமெல்லாம் இல்லீங்க டீச்சர். கோவப்படறதுக்கு மூச்சு வேணும்" என்றார்.

பதினெட்டு வருடம் மில்லில் இருந்ததாகச் சொன்னார். வெள்ளைக்கல் பொடியை மூட்டை மூட்டையாக அவிழ்த்து, களிமண்ணோடு, சுழல்கிற பெரிய உருளைக்குள் கொட்ட வேண்டும். வாய்க்குத் துண்டு கட்டிக்கொள்வார்கள். "துண்டு மீனுக்கு வல மாதிரி. பெருசத்தான் புடிக்கும்." இருமல் வந்தபோது டிபி என்று சொல்லி இரண்டு தடவை மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாவது ஆஸ்பத்திரியில்தான் அது டிபியே இல்லை, நுரையீரல் முழுக்கக் கல் பொடி என்றார்கள்.

"கண்ணாடிக்காரரு நாப்பத்தி நாலுல போயிட்டாரு. எனக்கு அம்பத்தி ஒண்ணு. நான் ஏழு வருசம் ஜாஸ்தி" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி, அது நிற்க வெகு நேரம் ஆயிற்று.

நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "நான் எழுதினதாலதான் பேச்சை நிறுத்திட்டீங்களா?"

"அதுக்கு முந்தி ஒரு வாரமாவே ரத்தமா வந்துக்கிட்டிருந்துச்சு. யாருக்கும் தெரியாம துணியில துடைச்சி சூளச் சாம்பல்ல போட்டுட்டு வந்தேன். நீங்க எழுதுன மறுநாளு முடியாமப் போச்சு. புதுச்சேரி பெரியாஸ்பத்திரியில பதினோரு நாளு. அதுக்கப்பறம் எங்க பேசறது?"

எனக்கு ஒரு பாரம் இறங்கியது போல இருந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் இறங்கியது. அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பாதி உங்களாலயும்தான் டீச்சர்" என்றார் மெதுவாக. "பொய் சொல்லக் கூடாதில்ல."

திரும்பிப் பார்த்தேன். அஞ்சலை வாசற்படியில் நின்றிருந்தாள். கையில் சோற்றுத் தட்டு. "ரத்தம் வந்துச்சா?" என்று கணவரைக் கேட்டாள். "ஒரு வாரமாவா?"  அவள் தட்டை என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். கத்திரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு. அவ்வளவு ருசியான குழம்பை நான் அவ்வளவு கஷ்டப்பட்டுச் சாப்பிட்டதில்லை.

கை கழுவிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போயிற்று. மெஷின் கடகடப்பு நின்றதும் வீட்டில் அப்படி ஓர் அமைதி. அஞ்சலை ஓடி வந்து கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு சின்ன சிலிண்டரை உருட்டினாள். அதன் திருகு இறுகிப் போயிருந்தது. கொளஞ்சியின் கண்கள் பெரிதாகிக்கொண்டே வந்தன. உதடு நீலம் பாரித்தது.

"டீச்சர், அவரு முதுகத் தாங்கிப் புடிங்க! சாய வுடாதீங்க! கைய எடுக்காதீங்க!"

நான் கட்டிலில் ஏறி அவருக்குப் பின்னால் மண்டியிட்டு இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டேன். முதுகு எலும்பு ஒவ்வொன்றும் உள்ளங்கையில் தட்டுப்பட்டது. ஒரு சின்ன மூச்சுக்கு அந்த உடம்பு முழுவதும் பாடுபட்டது. அஞ்சலை அம்மிக் குழவியை எடுத்துத் திருகின் மேல் இரண்டு தட்டுத் தட்டினாள். மூன்றாவது தட்டுக்குத்தான் காற்று சீறியது. முகமூடியை அவர் முகத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "இழுங்க, இழுங்க" என்று அவளும் கூடவே மூச்சு இழுத்தாள். நானும் இழுத்தேன். நாற்பது நிமிடம் மூன்று பேரும் அப்படியே இருந்தோம்.

மின்சாரம் வந்தது. அவர் தூங்கிப் போனார். அஞ்சலை என்னை வாசலுக்கு வெளியே கூட்டி வந்தாள். முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"நாளைக்கு என்கூட ஒரு எடத்துக்கு வரணும். வரமாட்டேன்னு மட்டும் சொல்லக் கூடாது."

மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கொளஞ்சிக்குத் துணை வைத்துவிட்டு, இரண்டு பேரும் மணவாளநல்லூருக்கு டவுன் பஸ்ஸில் போனோம். கொளஞ்சியப்பர் கோயில். பஸ்ஸில் அஞ்சலை ஜன்னலைப் பார்த்தபடி பேசினாள். புத்தகங்களையெல்லாம் அவர் சத்தமாகத்தான் படிப்பாராம். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டிருக்கிறாள். எங்கள் குழுவின் ஐந்து வருடப் படிப்பும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"பொறந்த புள்ளயையும் பொண்டாட்டியையும் தூங்க வுட்டுட்டுப் போனாரே ஒரு ராசா வூட்டுப் புள்ள, அவர ஒலகமே கும்புடுது. அந்தப் பொம்பள எழுந்து என்னா பாடுபட்டாளோ, அத யாரு எழுதுனா? அஞ்சு புள்ளயையும் தூக்கிக் குடுத்தாரே, அவருக்கு செல வேற வெச்சிருக்காங்களாம். கண்ணாடிக்காரரு ஒருத்தருதான் கல்யாணமே பண்ணிக்காம, யாரையும் அழ வெக்காமப் போனவரு."

குழுவில் இருபத்தாறு பேரும் சேர்ந்து இந்த முடிவுக்கு வந்ததில்லை.

கொளஞ்சியப்பர் சன்னதியில் உருவம் கிடையாது. ஒரு பலிபீடம்தான் சாமி. உருவமில்லாத கடவுளைப் பற்றி எத்தனையோ பக்கம் படித்தவள் நான். மஞ்சளும் பூவுமாக அது என் எதிரே இருந்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அஞ்சலை என்னை முனியப்பர் சன்னதிப் பக்கம் அழைத்துப் போனாள். அங்கே கொத்துக் கொத்தாகக் காகிதங்கள் சுருட்டிக் கட்டியிருந்தன. நூற்றுக்கணக்கில். சில புதிது, சில மழையில் மை கரைந்து போனவை.

"இதெல்லாம் பிராது" என்றாள். "நமக்கு அநியாயம் நடந்தா எழுதிக் கட்டணும். மூணு மாசத்துல முனியப்பரு போயி நியாயம் கேட்டுட்டு வந்துருவாரு." ஒரு காகிதத்தைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்தாள். "சித்திரையில நானும் ஒண்ணு கட்டுனேன். உங்க மேல."

எனக்கு முதலில் புரியவில்லை. போலீஸ் புகார் மாதிரி, என் பேரிலா?

"அவரு ஆஸ்பத்திரியிலேருந்து வந்து சுவத்தப் பாத்துப் படுத்தாரு. ஒரு பேச்சு இல்ல. போன எடுத்துப் பாத்தேன். உங்க எழுத்து, அதுக்குக் கீழ எல்லாரும் பல்லக் காட்டிக்கிட்டு. இதனாலதான் அவரு வுழுந்துட்டாருன்னு வயிறு எரிஞ்சிது. எவ்ளோ தூரத்துல இருக்காங்கன்னு கேட்டாங்க இங்க. கடல் தாண்டின்னேன். முனியப்பருக்குக் கடலு ஒரு தூரமான்னு சொன்னாங்க."

"என்ன எழுதினீங்க?"

அவள் காகிதங்களையே பார்த்தாள். "எங்க வூட்டுல பேச்சு அடங்குன மாதிரி அவங்க வூட்டுலயும் ஒரு பேச்சு அடங்கணும்னு எழுதுனேன்."

பிறகு சொல்கிறேன் என்று சொன்னதை இங்கே சொல்ல வேண்டும். வைகாசி மாதம் ஒரு காலையில் என் கணவர் மீன் வாங்கச் சந்தைக்குப் போனார். திரும்பி வரும்போது சந்தைப் படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வாய் ஓயாமல் பேசுகிற மனிதர். சமைக்கும்போது பேசுவார், செய்தி கேட்கும்போது செய்தி வாசிப்பவரோடு பேசுவார். அதற்குப் பிறகு மூன்று மாதம் எங்கள் வீட்டில் குழாய்த் தண்ணீர் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை.

அவருக்குப் பத்து வருடமாக ரத்த அழுத்தம். மாத்திரையை மறப்பார். டாக்டர் இரண்டு தடவை எச்சரித்திருந்தார். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், அந்த இடத்தில் நின்று சித்திரைக்கும் வைகாசிக்கும் நடுவில் எத்தனை நாள் என்று மனசு எண்ணிப் பார்த்தது. என்னால் அதைத் தடுக்க முடியவில்லை. முப்பது வருடம் படித்ததெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டேன்.

"நேத்து அவரு சொன்னப்பதான் தெரிஞ்சிது, ரத்தம் மொதல்லயே வந்திருக்குது. உங்களால வந்தது இல்ல. அப்ப நான் கட்டுனது பொய்ப் பிராது. பொய்ப் பிராது கட்டுனா நம்ம மேலயே திரும்பும் டீச்சர். அதான் அவருக்கு இப்பிடி ஆவுதோ என்னமோ." அவள் குரல் உடைந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டாள். கல் மாதிரி காய்த்த கை. "உங்க வூட்டுல ஒண்ணும் ஆவலியே? சாரு நல்லா இருக்காரா? உள்ளதச் சொல்லுங்க."

நான் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். வகுப்பில் பிள்ளைகள் பொய் சொன்னால் என் முகம் எப்படி மாறும் என்று என் கணவர் நடித்துக் காட்டுவார். அஞ்சலையின் கண்கள் என் கண்ணில் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தன. நேற்று மின்சாரம் போனபோது இருந்த அதே கண்கள்.

"நல்லா இருக்கார்" என்றேன். "வீட்ல எல்லாரும் நல்லா இருக்கோம்."

அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். வெகு நேரம் அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, கட்டிய பிராதைத் திரும்பப் பெற இன்னொரு காகிதம் எழுதிக் கட்ட வேண்டும், அதற்கு ராஜினாமா என்று பெயர், தனக்குச் சரியாக எழுத வராது, நீங்களே எழுதிக் கொடுங்கள் என்றாள். என் மீது தொடுக்கப்பட்ட வழக்கை அவள் சார்பில் நானே திரும்பப் பெற்று எழுதினேன். 'மேற்படி நபரால் எங்களுக்குக் குறை எதுவும் இல்லை.' எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பழக்கதோஷத்தில் ஒரு தடவை பார்த்தேன். அவள் அதில் திருநீற்றை வைத்துச் சுருட்டிக் கட்டினாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

வீட்டில் அவள் அடுப்புப் பக்கம் போனதும் கொளஞ்சி என்னைக் கிட்டே கூப்பிட்டார். மெஷின் சத்தத்துக்கு அடியில் பேசினார்.

"பிராது கட்டுன எடத்துக்குத்தான் போனீங்க? அவ சொல்லல, எனக்குத் தெரியும். ஊர்ல இருக்கிறவங்க சும்மா இருப்பாங்களா, கட்டுன வாரமே வந்து சொல்லிட்டாங்க." மூச்சு வாங்கிக்கொண்டார். "சாரு தவறிட்டாரு, இல்ல? நம்ம குழுவுல இருந்த சேலத்துக்காரரு சொன்னாரு. அவகிட்ட நான் சொல்லல. நீங்க எழுதுனதுக்கெல்லாம் பதில் போடாததும் அதுக்குத்தான். நாம பேச ஆரம்பிச்சா ஒருநாளு அவ காதுல வுழுந்துரும். அப்பறம் அவ உசுரோட இருக்க மாட்டா."

ஏழு செய்திகளையும் படித்துவிட்டு, பதில் எழுதாமல், இந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறார்.

"நான் அவர் நல்லா இருக்கார்னு சொல்லிட்டேன்" என்றேன். 

அவர் தலையை ஆட்டினார். "கண்ணாடிக்காரரு குடியிருந்த வூட்டுல ஒரு அம்மா இருந்தாங்க. படிச்சீங்களா?" என்று கேட்டார். நான் படித்திருக்கவில்லை. "அந்தம்மா ரொம்ப பக்தி. ஒருநாளு அவருகிட்டப் போயி, நான் கும்புடற வழியில எனக்குக் கதி கெடைக்குமான்னு கேட்டாங்களாம். கோயிலு, சாமி எல்லாத்தையும் கேள்வி கேட்டு சாதிய வுட்டே வெரட்டப்பட்டவரு அவரு. அவருகிட்டப் போயி கேக்கறாங்க. உங்க வழி நல்ல வழி, வேற எதையும் தேட வேணாம், அமைதியா நல்லபடியா இருந்தாப் போதும்னு சொல்லியிருக்காரு. அத மொதல்ல படிச்சப்ப எனக்கு அவரு மேல கோவம் வந்துச்சு டீச்சர். நெசத்த சொல்லாம வுட்டுட்டாரேன்னு."

"இப்போ?"

அவர் பதில் சொல்வதற்குள் அஞ்சலை டீயோடு வந்தாள்.

நான்காம் நாள் காலையில் போய்ச் சொல்லிக்கொண்டு கிளம்பினேன். அஞ்சலை ஒரு பொட்டலம் முந்திரிப் பருப்பைப் பையில் திணித்தாள். "சாருக்குக் குடுங்க. எங்க பக்கத்து முந்திரி" என்றாள். கொளஞ்சி கை கூப்பினார், பேசவில்லை. பேச்சைச் சேமித்து வைக்கிறார் என்று நினைத்தேன்.

மார்கழியில் அவர் போய்விட்டார். அஞ்சலைதான் கூப்பிட்டுச் சொன்னாள். அழவில்லை. கடைசி மூன்று நாள் புத்தகத்தைப் படித்துக் காட்டச் சொன்னாராம். அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். கூட்டிக் கூட்டிப் படித்திருக்கிறாள். எது வரைக்கும் படித்தீர்கள் என்று கேட்டேன். அரைப் பக்கம் என்றாள்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவளே கூப்பிடுகிறாள். காற்று மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டாளாம். வீடு பெரிதாகிவிட்டது போல இருக்கிறதாம். பேசி முடிக்கும் முன் தவறாமல் கேட்பாள், "சாரு நல்லா இருக்காரா? மாத்தர மருந்து ஒழுங்காக் குடுங்க டீச்சர், ஆம்பளைங்க மறந்துருவாங்க." நல்லா இருக்கார் என்பேன்.

போன ஞாயிறு அவள் கேட்டாள்: "ஒரே ஒருவாட்டி சாருகிட்ட போனக் குடுங்களேன். அவரு கொரல ஒரு தடவ காதால கேட்டுட்டா எனக்கு மனசு ஆறிடும்."

எதிரே நாற்காலி. ஜன்னலுக்கு வெளியே மழை.

"குளிச்சிட்டு இருக்கார்" என்றேன்.

"சரிங்க டீச்சர். வரட்டும். நான் இருக்கேன்" என்றாள்.